கண்விழிப்பும் சிவப்பு மையும்

மாணவர் ‘ஓர் நாடு’ என்று எழுதுகிறார். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னரே ‘ஓர்’ வரும் என்று விளக்கி, ‘ஒரு நாடு’ எனத் திருத்துகிறோம். அடுத்த கட்டுரையிலும் ‘ஓர் நாடு’. உடனே ஓரத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிடுகிறோம். அச்சொல்லை நாம் தாராளமாகவே வழங்கியுள்ளோம். இன்று அதில் ஐயம் உண்டு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால் விட்னியும் குழுவினரும் 26 பேரைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. அவர்களுள் பாதிப் பேர் 62 மணி நேரம் உறங்கவில்லை. சில எண்கள் தோன்றினால் பொத்தானை அழுத்த வேண்டும். பிற எண்களுக்கு வாளாவிருக்க வேண்டும். எவை எவை என்பதைச் சரி, தவறு என வரும் பின்னூட்டத்தைக் கொண்டே கற்றனர். இடையில் விதி தலைகீழாக்கப்பட்டது. உறங்கியோர் மாறிக்கொண்டனர். உறங்காதோர் பழைய விதியிலிருந்து ஏறத்தாழ மீளவே இல்லை. பின்னூட்டம் வரும்போது தோலின் மின்கடத்தலில் எழும் சலனமும் அவர்களிடம் மழுங்கியிருந்தது. ‘தவறு’ என்பதைக் கண்டனர். அது உள்ளே உறைக்கவில்லை.

எந்த மாணவரும் 62 மணி நேரம் விழித்திருந்து வகுப்புக்கு வருவதில்லை; ஆகவே இம்முடிவை அப்படியே வகுப்பறைக்குப் பொருத்துதல் கூடாது. ஆயினும் மொழித் திருத்தமும் இத்தகைய பணியே. புதிய விதியை அறிந்தால் மட்டும் போதாது. கையில் படிந்த பழைய விதியையும் விட வேண்டும். உறக்கமின்மை தாக்குவது அவ்விடத்தைத்தான்.

நள்ளிரவு வரை துணைப்பாடம் படித்து, காலை ஏழரைக்கு வகுப்பில் அமர்ந்திருந்த அம்மாணவரிடம், ‘நேற்று எப்போது உறங்கினாய்?’ என்று நாம் கேட்டதில்லை.