தாய்லாந்து ஓய்வு விசா: ஒரு கணக்கு

2019-ல் வேலை விஷயமாகக் கொஞ்ச காலம் பாங்காக்கில் இருந்தேன். எதிர் வீட்டில் ஒரு இங்கிலாந்துக்காரர், வயது 73, மனைவி இறந்தபின் தனி ஆள். ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, பேங்க் பாஸ்புக்கும் பாஸ்போர்ட்டும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "நீ கம்ப்யூட்டர் ஆள்தானே, ஒரு கணக்குப் போட்டுக் கொடு" என்றார். இடுப்பு மூட்டு ஆபரேஷன் பண்ணணும், பேங்கில் பணமும் இருக்கு, ஆனா எடுக்க முடியலை. இதுதான் பிரச்சனை.

பணம் இருந்தும் ஏன் எடுக்க முடியாதுன்னு எனக்கு முதலில் புரியவில்லை. ரெண்டு வாரம் தோண்டினேன். அந்தக் குறிப்புகள்தான் இது. விதிகள் எல்லாம் 2019 நிலவரம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். 'ஓய்வு விசா புதுப்பித்தல்'னு எல்லாரும் சொல்றாங்க. உண்மையில் வருஷா வருஷம் புதுப்பிப்பது விசாவை இல்லை, தங்கும் அனுமதியை. விசா உள்ளே நுழையறதுக்கு. நுழைந்தபின் குடியேற்ற அலுவலகம் தரும் அனுமதியை ஒவ்வொரு வருஷமாக நீட்டிச்சுக்கணும். டி.எம்.7 படிவம், 1,900 பாட் கட்டணம், வயது 50 ஆகியிருக்கணும். இதுவரைக்கும் சுலபம்.

கஷ்டம் பணத்தைக் காட்டுவதில். மூணு வழி இருக்கு.

ஒன்று, தாய்லாந்து பேங்கில் 8 லட்சம் பாட் இருப்பு. ரெண்டு, மாத வருமானம் 65,000 பாட். மூணு, இருப்பும் வருஷ வருமானமும் சேர்த்து 8 லட்சம்.

முன்பெல்லாம் வருமானத்துக்கு அவரவர் தூதரகம் ஒரு கடிதம் கொடுக்கும். 2019 தொடக்கத்தோடு பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா தூதரகங்கள் அதை நிறுத்திவிட்டன. அதற்குப் பதிலாக, வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வந்ததை பேங்க் கணக்கில் காட்ட வேண்டும். நம்ம பெரியவர் பவுண்டு விலை ஏறும்போது மொத்தமாக அனுப்பிக்கொள்கிற ஆள். மாதாமாத ரெக்கார்டு இல்லை. ஆக, முதல் வழிதான் மிச்சம்.

அந்த வழியிலும் 2019 மார்ச்சில் ஒரு மாற்றம் வந்தது. அதுக்கு முன்னாடி, முத்திரை குத்தியதும் பணத்தை எடுத்துச் செலவழிக்கலாம். புது விதிப்படி, விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பிருந்தே 8 லட்சம் இருக்கணும். அனுமதி கிடைத்தபின் 3 மாதம் அப்படியே இருக்கணும். அதன்பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே போகக்கூடாது.

கூட்டிப் பாருங்க. வருஷத்தில் 5 மாதம் முழு 8 லட்சமும் பூட்டு. மிச்சம் 7 மாதம் பாதியை மட்டும் தொடலாம். மீதி 4 லட்சம் நீங்க அங்கே இருக்கிறவரை உங்க பணமே இல்லைன்னு வச்சுக்கலாம்.

அவருடைய தேதி செப்டம்பர் நடுவில். ஜூலை நடுவிலேயே பூட்டு விழுந்துவிட்டது. அது திறப்பது டிசம்பர் நடுவில். ஆகஸ்டில் ஆபரேஷனுக்குப் பணம் எடுத்தால் நீட்டிப்பு கிடைக்காது, 13 வருஷம் வாழ்ந்த ஊரை விட்டுப் போகணும்.

எட்டு லட்சத்துக்கு மேலே சேமிப்பு இல்லையா? நானும் அதைத்தான் கேட்டேன். சிரித்தார். அவர் 2006-ல் வந்தபோது ஒரு பவுண்டுக்கு 70 பாட் பக்கம். அப்போ 8 லட்சம் என்பது சுமார் 11,400 பவுண்டு. 2019 ஆகஸ்டில் 38 பக்கம், அதே 8 லட்சம் 21,000 பவுண்டு. பாட் கணக்கில் தொகை மாறவில்லை, அவர் பாக்கெட்டிலிருந்து போவது கிட்டத்தட்ட ரெட்டிப்பு.

இன்னொரு பக்கம் பென்ஷன். பிரிட்டன் அரசு பென்ஷன் வருஷா வருஷம் ஏறும், ஆனா எல்லா நாட்டிலும் இல்லை. ஐரோப்பிய நாடுகள், அப்புறம் இதற்கென ஒப்பந்தம் உள்ள அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் மாதிரி சில நாடுகள், இங்கே இருந்தால் ஏறும். தாய்லாந்தில் இருந்தால் முதல் வாரம் வாங்கின தொகைதான் கடைசிவரை. 2011-ல் அவருக்கு வாரம் 102.15 பவுண்டு. ஊரில் இருந்தவர்களுக்கு 2019-ல் அது 129.20 ஆகிவிட்டது. இவருக்கு அதே 102.15, அதாவது மாதம் சுமார் 16,800 பாட். இதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனார்கள், 2010-ல் தோற்றார்கள். இந்தியாவும் இலங்கையும் இந்த உறைந்த பட்டியலில்தான் வருகின்றன. லண்டனில் உழைத்துவிட்டு சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓய்வெடுக்க நினைக்கும் நம்ம ஆட்கள் கிளம்பும் முன்னாடியே இதைக் கணக்கில் எடுத்துக்கணும்.

சரி, பெரியவருக்கு என்ன கணக்குக் கொடுத்தேன்? டிசம்பர்வரை பொறுக்கணும். அரசு மருத்துவமனையில் விசாரித்ததில் சுமார் 1,40,000 பாட் ஆகும் என்றார்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜூலை நடுவரை 7 மாதம். மாதம் 20,000 திரும்பப் போட்டால் 8 லட்சம் நிறைந்துவிடும். அவருடைய பழைய கம்பெனி பென்ஷன் சரியாக அவ்வளவுதான். அதாவது ஏழு மாதம் அந்த 16,800-ல் வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாம். பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முடியும்" என்றார். நாலு மாதம் கைத்தடியோடு லிஃப்டுக்கு நடந்தார். டிசம்பர் கடைசியில் ஆபரேஷன் முடிந்தது.

இந்த வழியில் போக நினைக்கிறவர்களுக்கு நான் எழுதி வைத்த நாலு வரி:

1. விசா பணமும் மருத்துவப் பணமும் தனித்தனிக் கணக்கு. ஒன்றாக நினைப்பதுதான் பெரிய தப்பு.

2. முதல் மாதத்திலிருந்தே பென்ஷனை மாதாமாதம் அனுப்புங்கள். தேவையோ இல்லையோ, ரெக்கார்டு இருக்கட்டும். பெரியவர் அந்த செப்டம்பரிலிருந்து ஆரம்பித்துவிட்டார்.

3. நாட்டைவிட்டு ஒரு நாள் வெளியே போனாலும், முன்னாடியே மறுநுழைவு அனுமதி வாங்குங்கள். ஒரு முறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. வாங்காமல் போனால் நீட்டிப்பு அங்கேயே ரத்து.

4. 90 நாளுக்கு ஒருமுறை முகவரியைத் தெரிவிக்கணும். இது நீட்டிப்பு இல்லை, வேறு வேலை. ரெண்டையும் குழப்பிக்கொண்டு அனுமதி தேதியைத் தவறவிட்டால் ஒரு நாளைக்கு 500 பாட் அபராதம்.

நான் ஊர் திரும்பும்முன் அவருக்கு ஒரு எக்செல் ஷீட் போட்டுக் கொடுத்தேன். பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். ஜூலை 15-ஐ மட்டும் சிவப்புப் பேனாவால் அவரே வட்டம் போட்டிருந்தார்.