முதல் கேள்விக்கு வரும் பதில்

இணையத்தின் ஊர்கள் – 12

1991 ஜூலை 3. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் ஒருவர், மினிக்ஸ் இயங்குதளத்துக்கென்று யூஸ்நெட் என்ற இணைய விவாத வலையமைப்பில் இருந்த குழுவில் ஒரு கேள்வி போட்டார். போசிக்ஸ் தரநிலையின் விதிகள் கணினியில் படிக்கும்படியாக எங்காவது கிடைக்குமா என்பதுதான் கேள்வி. எதற்கு என்று விளக்கவில்லை. மினிக்ஸில் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருப்பதாக மட்டும் சொன்னார்.

அந்த மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அவர் தேடிய ஆவணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஆரி லெம்கே என்பவரின் கண்ணில் பட்டது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவர், 'நீ செய்கிற வேலையை வைக்க எங்கள் எஃப்.டி.பி. சர்வரில் இடம் தருகிறேன்' என்று முன்வந்தார். டோர்வால்ட்ஸ் தன் படைப்புக்கு 'ஃப்ரீக்ஸ்' என்று பெயர் வைக்க எண்ணியிருந்தார். லெம்கேவுக்கு அது பிடிக்கவில்லை. ஒதுக்கிய ஃபோல்டருக்கு அவரே 'லினக்ஸ்' என்று பெயரிட்டுவிட்டார். செப்டம்பரில் 0.01 பதிப்பு அங்கேதான் ஏறியது. இன்று உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில் ஓடுகின்றன. நம் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் அதன் மையப் பகுதியான கெர்னல்தான்.

யாரென்றே தெரியாத ஒரு மாணவரின் கேள்வியை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலும் லினக்ஸ் பிறந்திருக்கலாம். ஆனால் ஊர் பேர் தெரியாதவர் கேட்டதற்குக் கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்க அன்று ஒருவர் இருந்தார். தொழில்நுட்பக் குழுக்களின் வரலாற்றில் இந்தப் பண்பு ஏன் வற்றியது, அதை மீட்க யார் யார் என்ன செய்தார்கள் என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

யூஸ்நெட்டில் புதியவர்கள் வருவதற்கு ஒரு பருவம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் திறக்கும். புது மாணவர்கள் இணைய வசதியோடு குழுக்களுக்குள் நுழைவார்கள். பழகியவர்கள் சில வாரங்கள் பொறுமையாக வழி சொல்லிக் கொடுப்பார்கள், பிறகு எல்லாம் அடங்கிவிடும். அடிக்கடி வரும் கேள்விகளைப் பதிலோடு தொகுத்துவைக்கும் எஃப்.ஏ.க்யூ. வழக்கம், 1980களின் முதற்பாதியில் நாசாவின் விண்வெளி மடற்குழுவில் யூஜீன் மியா தொடங்கிவைத்தது, இந்தக் காலத்தில் எங்கும் பரவியது.

1993-94 வாக்கில் ஏ.ஓ.எல். போன்ற நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட்டைத் திறந்துவிட்டன. அதன்பின் ஆண்டு முழுவதும் புதியவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பழையவர்கள் அதை 'முடியாத செப்டம்பர்' என்று அழைத்தார்கள். அவர்களுடைய அலுப்பையும் புரிந்துகொள்ள வேண்டும். சம்பளம் வாங்காமல், தங்கள் வேலை போக மிச்ச நேரத்தில் பதில் சொன்னவர்கள் அவர்கள். ஒரே கேள்வி நூறாவது முறையாக வரும்போது கை தானாகவே கடுகடுப்பான பதிலை அடிக்கிறது. 'மேனுவலைப் படி' என்ற வசையும் சேர்ந்த கட்டளை, ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகளில் சுருங்கி வழக்கமான பதிலாகிவிட்டது.

இந்தச் சூழலில்தான் 1995 அக்டோபரில் இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த இணைய நாகரிக வழிகாட்டி, ஆர்.எஃப்.சி. 1855 என்ற எண்ணோடு வெளியானது. ஒரு குழுவில் எழுதுவதற்கு முன் ஒன்றிரண்டு மாதங்கள் அதைப் படித்துப் பார்க்கும்படி புதியவரிடம் அது கேட்டுக்கொண்டது. கோபத்தில் எழுதிய பதிலை ஓர் இரவு வைத்திருந்து பிறகு அனுப்பும்படி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டது. இந்த இரண்டாவது அறிவுரை இன்னும் பரவலாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

2001இல் எரிக் ரேமண்ட், ரிக் மோயனுடன் சேர்ந்து, புத்திசாலித்தனமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். முதலில் தேடிப் பார், என்னென்ன முயன்றாய் என்று சொல், உன் ஊகத்தை விட்டுவிட்டு நடந்ததைச் சொல் என்று போகும் அந்த அறிவுரைகள் இன்றைக்கும் பயனுள்ளவை. ஆனால் பத்தாயிரம் சொற்களைத் தாண்டும் அளவு நீண்ட ஓர் ஆவணத்தின் சுட்டியை மட்டும், முதல் முறை கேட்பவரின் முகத்தில் எறிவது எந்த வகை உதவி? அதே கட்டுரையின் கடைசியில், பதில் சொல்பவர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. மென்மையாகப் பேசு, முதல் முறை தவறுபவரிடம் தனி மடலில் சொல், கூட்டத்தின் நடுவே அவமானப்படுத்தாதே என்கிறது அது. சுட்டியை எறிந்தவர்கள் அந்தப் பகுதிவரை படித்திருந்தால் எறிந்திருக்க மாட்டார்கள்.

மாற்று வழி அதற்கும் முன்பே இருந்தது. 1998இல் டெப் ரிச்சர்ட்சன் என்ற பெண் லினக்ஸ்சிக்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். லினக்ஸ் பழகும் பெண்கள் கேலிக்கு அஞ்சாமல் கேட்பதற்கான இடம் அது. விதிகள் இரண்டே இரண்டு: மரியாதையாக இரு, உதவியாக இரு.

லினக்ஸ் கெர்னல் குழுவோ வேறு திசையில் போயிருந்தது. ஒரு கேள்விக்குக் கிடைத்த அன்பால் வளர்ந்த டோர்வால்ட்ஸே, பின்னாளில் பிறர் அனுப்பும் நிரல்களைக் கடுஞ்சொற்களால் கிழிப்பவர் என்று பெயரெடுத்தார். 2018 செப்டம்பர் 16 அன்று, தன் மடல்கள் பலரைப் புண்படுத்தியதையும், சிலர் கெர்னல் பணியை விட்டே விலகக் காரணமாகியிருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பிறர் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி பெறப்போவதாகச் சொல்லி விடுப்பில் போனார். அக்டோபரில் திரும்பினார். கெர்னல் குழு புதிய நடத்தை விதிகளை ஏற்றுக்கொண்டதும் அந்த நாட்களில்தான். நிரலில் சமரசமே கூடாது என்பவர்கள் மனிதரிடம் கடுமை காட்டத்தான் வேண்டும் என்ற வாதத்தை, அதற்கு முன்னுதாரணமாகக் காட்டப்பட்டவரே கைவிட்டார்.

நம் ஊர் மாணவர்களுக்கு நெருக்கமான இடம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008 செப்டம்பரில் திறந்த நிரலாக்கக் கேள்வி-பதில் தளம். அரட்டை வேண்டாம், ஒவ்வொரு கேள்வியும் பின்னால் தேடி வருபவருக்கும் பயன்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நிறைவேறவும் செய்தது. எந்தப் பிழைச்செய்தியை கூகுளில் போட்டாலும் அங்கே கொண்டுபோய் நிறுத்தும் அளவுக்கு அது வளர்ந்தது.

அந்தக் கட்டுப்பாட்டுக்குப் புதியவர் கொடுத்த விலைதான் பெரிது. ஏற்கெனவே கேட்கப்பட்டதென்றால் கேள்வி மூடப்படும். தெளிவில்லை என்றால் மைனஸ் ஓட்டு விழும், பெயருக்குக் கீழே புள்ளி குறையும். இதெல்லாம் எல்லோரும் பார்க்க நடக்கும். 'வணக்கம் ஐயா' என்று தொடங்கி 'நன்றி' என்று முடிக்கும்படி வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளை, ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறி எழுதி அனுப்பிய சில நிமிடங்களில், அந்த வணக்கத்தையும் நன்றியையும் யாரோ வெட்டியிருப்பதைப் பார்க்கிறது. தளத்தின் வழக்கப்படி அது வெறும் சுத்திகரிப்பு. வழக்கம் தெரியாத பிள்ளைக்கு அது கதவைச் சாத்துவது போலத்தான். மீண்டும் கேட்க எத்தனை பேர் வருவார்கள்?

2018 ஏப்ரலில் அந்த நிறுவனத்தின் துணைத் தலைவர் ஜே ஹான்லன், தளம் புதியவர்களை வரவேற்பதாக இல்லை, பெண்களும் வெள்ளையர் அல்லாதவர்களும் அதை இன்னும் கூடுதலாக உணர்கிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆகஸ்டில் புதிய நடத்தை விதிகள் வந்தன. முதல் முறை கேட்பவரின் பெயருக்கு அருகே 'இவர் புதியவர், அன்பாக இருங்கள்' என்ற குறிப்பும் தோன்றத் தொடங்கியது.

அதே ஆண்டு டெனே ஃபோர்டும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வைத்தான் இந்தத் தொடரின் வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலேயே ஒரு மாதம் நடந்த சோதனை அது. கேள்வியை எழுதிக்கொண்டிருக்கும் புதியவரை, அனுப்பும் முன்பே ஓர் உதவி அறைக்கு அழைத்தார்கள். அங்கே அனுபவசாலிகள் அவருடைய வரைவைப் படித்து, எந்த விவரம் விடுபட்டிருக்கிறது, நிரலை எப்படி ஒழுங்காகப் போடுவது, தளத்தின் வழக்கம் என்ன என்று சொல்லிக் கொடுத்தார்கள். அப்படித் திருத்தி அனுப்பிய கேள்விகளின் சராசரி மதிப்பெண், மற்றக் கேள்விகளைவிட 50 சதவீதம் உயர்ந்தது.

அதாவது, அந்தப் புதியவர்களுக்கு அறிவோ உழைப்போ குறைவில்லை. எழுதப்படாத விதிகளை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். கேள்வி கெட்ட பிறகு தண்டிப்பதற்குப் பதில், கேள்வி கேட்கப்படும் முன் ஐந்து நிமிடம் செலவிட்டால் கேட்பவருக்கும் நல்லது, தளத்துக்கும் நல்லது. இதற்குப் பெரிய மென்பொருளும் தேவையில்லை.

விக்கிப்பீடியாவிலும் இதே கதை. ஆங்கில விக்கிப்பீடியாவில் சுறுசுறுப்பாகப் பங்களிப்போரின் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்தது. ஆரன் ஹாஃபேக்கரும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் திருத்தங்களைத் தானியங்கிக் கருவிகள் உடனுக்குடன் அழித்ததைச் சரிவின் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அளவில் சிறியது. அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள ஒத்தாசைப் பக்கம் உண்டு, பொதுவாகப் பேச ஆலமரத்தடி உண்டு. லினக்ஸையும் பைத்தானையும் தமிழிலேயே கற்க 2012 முதல் கணியம் தளம் இருக்கிறது. ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கும் ஒருவருக்கு இந்த இடங்களின் மதிப்பு மிகப் பெரியது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அடுத்த ஆறு மாதங்களில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதிவுகள் ஏறத்தாழ 25 சதவீதம் குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. இயந்திரம் எத்தனை முறை கேட்டாலும் சலித்துக்கொள்ளாது, பட்டென்று முகத்தைத் திருப்பாது. ஆனால் அதற்குத் தெரிந்ததில் ஒரு பெரும் பங்கு, மனிதர்கள் மனிதர்களுக்குப் பொதுவில் எழுதிய பதில்களிலிருந்து வந்தது. கேள்வி தனி அறைக்குப் போய்விட்டால் பதிலும் அங்கேயே நின்றுவிடும், அடுத்து வருபவருக்குக் கிடைக்காது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் நிரல் எழுதத் தெரிந்தவராகவோ, ஏதாவது ஒரு மென்பொருளில் கை தேர்ந்தவராகவோ இருந்தால், உங்கள் குழுவில் யாரும் பதில் சொல்லாமல் கிடக்கும் ஒரு புதியவரின் கேள்வியை இந்த வாரம் திறந்து பாருங்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். கேள்வி புரியவில்லை என்றால், எந்தப் பதிப்பு, என்ன பிழைச்செய்தி, இதுவரை என்ன செய்து பார்த்தார் என்று பொறுமையாகக் கேளுங்கள். ஏற்கெனவே பதில் உள்ள கேள்வி என்றால் சுட்டியைக் கொடுங்கள், அதோடு அந்தப் பதில் இவருக்கு எப்படிப் பொருந்துகிறது என்று ஒரு வரியும் சேர்த்துக் கொடுங்கள்.