உஷார்! ரன்னிங் ஷூவோடு பாருக்கு அடியில் போகாதீர்கள்

தோளில் நூறு கிலோ பார், காலில் மெத்துமெத்தென்று ரன்னிங் ஷூ! எந்த ஜிம்முக்குப் போனாலும் இப்படி ஒருவராவது ஸ்குவாட் அடித்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், குதிகாலைப் பாருங்கள். கீழே இறங்க இறங்க சோல் ஒரு பக்கமாக அமுங்கும். கணுக்கால் உள்பக்கம் சாயும், கூடவே முட்டியும் உள்ளே மடங்கும். ஓடும்போது அதிர்வைத் தாங்கும் அதே நுரை, பாரம் ஏறியதும் காலை வாரிவிடும். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் பளுதூக்குதலில் தங்கம் வென்றாரே, அந்த மேடைகளில் எவர் காலிலாவது ரன்னிங் ஷூவைப் பார்த்தீர்களா?

சிலர் குதிகாலுக்கு அடியில் இரண்டு பிளேட்டைச் செருகிக்கொண்டு கனமாகத் தூக்குகிறார்கள். இது அதைவிட மோசம். பிளேட் நழுவினால் ஆளும் பாரும் சேர்ந்துதான் விழ வேண்டும்.

சரி, லிஃப்டிங் ஷூவே வாங்கிவிடலாம் என்று ஆன்லைனில் தேடினால் அங்கேயும் ஏமாற்று. பெயரில் 'வெயிட்லிஃப்டிங்' இருக்கும், அடியில் இருப்பதோ நுரை. நல்ல லிஃப்டிங் ஷூவின் குதிகால் கெட்டியான பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ இருக்கும். முன்பாதத்தைவிட ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். கட்டைவிரலால் பலம்கொண்ட மட்டும் அழுத்துங்கள். அமுங்கினால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். ஸ்ட்ராப்பை இறுக்கிய பிறகு உள்ளே குதிகால் துளியும் எழும்பக் கூடாது.

அந்த உயரம் எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. கணுக்கால் சரியாக மடங்காதவருக்கு முட்டி முன்னே போக அது வழிவிடும், முதுகும் நிமிர்ந்து நிற்கும். வெறுங்காலோடு, பெருவிரல் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி இருக்கும்படி நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். தொட்டுவிட்டால் அவசரமே இல்லை, தட்டையான கெட்டி சோல் போதும். பவர்லிஃப்டர்கள் பலர் அதில்தான் தூக்குகிறார்கள்.

கடைக்காரர் சொல்லாத ஒன்று: குதிகால் உயர்ந்தால் முட்டிக்குச் சுமை கூடும். ஏற்கெனவே முட்டிவலி இருந்தால் முதலில் டாக்டர், பிறகு கடை. புது ஷூ போட்டதும் பழைய வெயிட்டுக்குத் தாவாதீர்கள். சில வாரம் குறைத்துத் தூக்குங்கள். டெட்லிஃப்ட் நாளில் அதைக் கழற்றிவிடுங்கள். குதிகால் ஏறிய அளவுக்கு பாரைக் கூடுதல் உயரம் இழுக்க வேண்டும், உடம்பும் முன்னால் தள்ளப்படும்.