ஃபென்சிங் என்றால் வேலி போடுவது இல்லை!



போன வருஷம் ஜூன் மாதம், "நான் ஃபென்சிங் கிளாஸில் சேரப் போறேன்" என்று வீட்டில் சொன்னேன். எங்க பாட்டி, "படிக்கிற புள்ளைக்கு எதுக்குடி கம்பி வேலி போடுற வேலை?" என்று கேட்டாங்க. பாட்டி மேல் தப்பு இல்லை. நொளம்பூர் பக்கம் காலி மனைகளைச் சுற்றி 'ஃபென்சிங் ஒர்க் செய்து தரப்படும்' என்ற போர்டைத்தான் அவங்க பார்த்திருக்காங்க. நம் வகுப்பிலேயே நாலு பேர் என்னிடம் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஃபென்சிங் என்றால் வாள்வீச்சு. சினிமாவில் வருகிற மாதிரி மேஜை மேல் ஏறிக் குதித்துச் சண்டை போடுவது இல்லை. 14 மீட்டர் நீளம், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலம் உள்ள ஒரு பட்டைக் களத்தில் இரண்டு பேர் எதிர் எதிரே நின்று விளையாட வேண்டும். இந்தக் களத்துக்கு 'பிஸ்ட்' என்று பெயர். எதிராளி நம்மைத் தொடுவதற்கு முன் நாம் அவரை வாளால் தொட வேண்டும். ஒரு தொடுதலுக்கு ஒரு புள்ளி. முதல் சுற்றில் 5 புள்ளி எடுத்தால் வெற்றி. தோற்றால் வெளியே என்கிற சுற்றுகளில் 15 புள்ளி.

மூன்று வாள்கள்

வாள்வீச்சில் மூன்று வகை உண்டு. (மேலே சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள். தொடக்கூடிய இடத்துக்கு மட்டும் வண்ணம் அடித்திருக்கிறேன்.)

1. ஃபாயில்: முனையால் குத்தித் தொட வேண்டும். உடம்பின் நடுப்பகுதியில் பட்டால்தான் புள்ளி. கை, காலில் பட்டால் கணக்கு இல்லை.

2. எப்பே: இதுதான் கனமான வாள். 770 கிராம் வரை இருக்கலாம். மற்ற இரண்டும் 500 கிராமுக்குள் இருக்க வேண்டும். எப்பேயில் தலை முதல் கால் விரல் வரை எங்கே முனை பட்டாலும் புள்ளி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தொட்டால் இரண்டு பேருக்கும் புள்ளி!

3. சேபர்: குத்தவும் செய்யலாம், வாளின் பக்கத்தால் வெட்டவும் செய்யலாம். இடுப்புக்கு மேலே தலை, கை எல்லாம் சேர்த்தி. மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் சேராது. மூன்றிலும் வேகமானது இதுதான். நான் விளையாடுவதும் இதுதான்.

சேபரில் ஒரு முக்கியமான விதி. பின்காலை முன்காலைத் தாண்டி முன்னால் வைக்கக் கூடாது. அதனால் ஓடிப்போய்ப் பாய முடியாது. நண்டு மாதிரி முன்னும் பின்னும் நகர வேண்டும். முதல் மாசம் முழுக்க மாஸ்டர் எங்க கையில் வாளே கொடுக்கலை. இந்த நடையைத்தான் நடக்க வைத்தார். தொடை வலியில் பள்ளிக்கூட மாடிப்படி ஏற முடியாமல் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போனதைப் பலர் பார்த்துச் சிரித்தீர்கள். இப்போது காரணம் தெரிந்திருக்கும்.

விளக்கு எப்படி எரிகிறது?

நல்ல வீரரின் வாள் கண்ணுக்கே தெரியாது. யார் தொட்டார் என்று நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இங்கேதான் நம் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம் வருகிறது. மின்சுற்று!

சேபர் வீரர்கள் உலோக இழை சேர்த்து நெய்த ஒரு மேலங்கி போடுவார்கள். அதன் வழியே மின்சாரம் பாயும். வாளிலிருந்து ஒரு வயர் சட்டைக்குள் போய், முதுகுப் பக்கம் வெளியே வந்து, மெஷினோடு சேரும். என் வாள் எதிராளியின் மேலங்கியிலோ மாஸ்கிலோ பட்டதும் சுற்று முழுமையாகும். உடனே விளக்கு எரியும். ஒரு பக்கத்துக்குச் சிவப்பு, இன்னொரு பக்கத்துக்குப் பச்சை. ஷாக் அடிக்குமா என்று கேட்காதீர்கள். மிகக் குறைந்த மின்சாரம், ஒன்றும் ஆகாது.

ஒருவர் தொட்ட பிறகு 170 மில்லி செகண்டுக்குள் மற்றவரும் தொட்டால் இரண்டு விளக்கும் எரியும். அது ஒரு செகண்டில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு! அப்போது யாருக்குப் புள்ளி? முதலில் தாக்குதலைத் தொடங்கியவருக்கு. அதை எதிராளி வாளால் தட்டிவிட்டுத் திருப்பித் தாக்கினால் உரிமை அவருக்கு மாறிவிடும். இதற்கு முன்னுரிமை என்று பெயர். ஃபாயிலுக்கும் சேபருக்கும் இது உண்டு, எப்பேக்குக் கிடையாது.

வலிக்காதா?

சேபர் பட்டால் சுளீர் என்று இருக்கும். சில நாள் சிவப்புக் கோடு விழும். அவ்வளவுதான். முனை கூர்மையாக இருக்காது. ஆனால் பாதுகாப்பு விதிகளில் விளையாடக் கூடாது. 1982-இல் ரோம் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் எதிராளியின் வாள் உடைந்து, மாஸ்க்கைத் துளைத்து, சோவியத் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் படுகாயம் அடைந்து இறந்துபோனார். அதன் பிறகுதான் மாஸ்க், உடை, வாள் எஃகு எல்லாவற்றுக்கும் விதிகளைக் கடுமையாக்கினார்கள். அதனால்தான் மாஸ்க் போடாமல் யாராவது விளையாட்டுக்கு வாளை நீட்டினால்கூட எங்க மாஸ்டர் அன்னைக்கு முழுக்க அவங்களை உட்கார வைத்துவிடுவார்.

வண்ணாரப்பேட்டை அக்கா

இந்த விளையாட்டில் ஒலிம்பிக் போன முதல் இந்தியர் யார் தெரியுமா? நம்ம சென்னைதான்! வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த பவானி தேவி. அவர் 2004-இல் பள்ளி மாணவியாக இருந்தபோது விளையாட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்களாம். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்தது ஃபென்சிங்.

இது செலவு பிடிக்கும் விளையாட்டு என்று சொல்லி அப்பாவின் வருமானத்தைக் கேட்டபோது, சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்து கூட்டிச் சொன்னதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். வாள் விலை அதிகம் என்பதால் ஆரம்பத்தில் மூங்கில் குச்சியை வைத்துப் பயிற்சி செய்தார்கள். நல்ல வாளைப் போட்டிக்காக எடுத்து வைத்துக்கொள்வார்களாம்.

14 வயதில் துருக்கியில் அவருக்கு முதல் சர்வதேசப் போட்டி. மூன்று நிமிஷம் தாமதமாக வந்ததால் கறுப்பு அட்டை காட்டிவிட்டார்கள். கறுப்பு அட்டை என்றால் போட்டியை விட்டே வெளியே! அதோடு அவர் நின்றுவிடவில்லை. 2018-இல் காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் தங்கம். 2021 ஜூலை 26 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் துனிசியா நாட்டு வீராங்கனையை 15-3 என்று வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7-15 என்று தோற்றார். (அந்த மனோன்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். அந்த ஒலிம்பிக்குக்குப் பவானியால் தகுதி பெற முடியவில்லை.) 2023-இல் சீனாவில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியில், உலகச் சாம்பியனான ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என்று வீழ்த்தி வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.

எங்கள் ஹாலில் விளக்கு இல்லை

இனி எங்கள் குழுவின் கதைக்கு வருகிறேன். முகப்பேர் கிழக்கில் ஒரு வாடகை ஹாலில்தான் எங்கள் பயிற்சி. ஹாலின் நீளமே பத்து மீட்டர்தான். 14 மீட்டர் களத்துக்கு எங்கே போவது? தரையில் வெள்ளை டேப் ஒட்டி, இருக்கிற இடத்தில் ஆடுகிறோம். பெரிய மழை வந்தால் ஒரு மூலையில் ஒழுகும். அங்கே பக்கெட் வைத்துவிட்டு மறு மூலையில் ஆடுவோம்.

எங்களிடம் விளக்கு மெஷின் இல்லை. அதனால் மாஸ்டர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். நம் மேல் வாள் பட்டால் நாமே கையைத் தூக்கி "பட்டது" என்று சொல்ல வேண்டும். தொட்டவர் சொல்லக் கூடாது. தொடப்பட்டவர்தான் சொல்ல வேண்டும். மெஷின் வருவதற்கு முன் உலகம் முழுக்க இந்த மரியாதை இருந்ததாம்.

கேட்க ரொம்ப சுலபமாக இருக்கும். எனக்கு அது சுலபமாக இல்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

போன வருஷம் அக்டோபரில் மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். எங்களிடம் வயர் வைத்த வாளும் மேலங்கியும் இரண்டு செட்தான். அதனால் இரண்டு பேர்தான் போக முடியும். பத்தாவது படிக்கும் அக்கா ஒருத்தர் முதலிலேயே தேர்வாகிவிட்டார். மீதி ஒரு இடத்துக்கு நானும் ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தியும் மோதினோம். 4-4. கடைசிப் புள்ளி. நான் முன்னால் போனேன். அவள் பின்னால் நகர்ந்து, என் வாளைத் தட்டிவிட்டு, என் முன்கையில் ஒரு வெட்டு. சுளீர்! அடுத்த நொடியே நான் அவள் மாஸ்கைத் தொட்டேன். மாஸ்டர் அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பையனுக்கு மாஸ்க் சரி பண்ணக் குனிந்திருந்தார்.

"அக்கா, பட்டுச்சாக்கா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லையே" என்றேன்.

அவள் உடனே கையைத் தூக்கி, "எனக்குப் பட்டது" என்றாள். 5-4. நான் ஜெயித்தேன். வாளால் வணக்கம் சொல்லி, கை கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது பாட்டி என் கையைப் பார்த்து, "இது என்னடி கோடு? இப்படிச் சிவந்திருக்கு" என்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாங்க. "ஒண்ணுமில்ல பாட்டி, பட்டுடுச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. ஹாலில் சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்!

சனிக்கிழமை நடந்தது இது. செவ்வாய்க்கிழமை வரை ஃபுல் ஹேண்ட் சட்டை போட்டுக்கொண்டு சுற்றினேன். செவ்வாய் சாயங்காலம் மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அவகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். அவளிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், "எனக்குத் தெரியும்க்கா" என்றாள். மாஸ்டர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

போட்டிக்கு அவள்தான் போனாள். நானும் கூடப் போனேன், அவள் பையைத் தூக்கிக்கொண்டு! வயர் மாட்டிவிடுவது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் நான்தான். முதல் சுற்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தாள். அடுத்ததில் தோற்றாள். நான் போயிருந்தால் இன்னும் நன்றாக ஆடியிருப்பேனோ என்று ஒரு நிமிஷம் பொறாமையாகக்கூட இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. அன்றைக்குத்தான் விளக்கு மெஷினை நேரில் பார்த்தேன். பச்சை விளக்கு பளிச் என்று எரியும்போது அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் ஹாலுக்கு அது வந்தாலும் "பட்டது" சொல்லும் பழக்கத்தை மாஸ்டர் விடமாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நீங்களும் வரலாம்

செவ்வாய், வியாழன் மாலை 5 முதல் 6.30 வரை, சனிக்கிழமை காலை 7 முதல் 9 வரை பயிற்சி. ஷூவும் ட்ராக் பேன்ட்டும் இருந்தால் போதும். மாஸ்க், மேலுடை, வாள் எல்லாம் அங்கேயே பொதுவாக இருக்கிறது, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். எடுத்த உடனே யாரும் வாள் வாங்க வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டியூஷனுக்காக இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இப்போது ஒன்பது பேர்தான் இருக்கிறோம். பன்னிரண்டு பேராவது இருந்தால்தான் ஹால் வாடகை கட்டுப்படியாகும் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். இன்னும் மூன்று பேர் வேண்டும். ஒருநாள் வந்து சும்மா உட்கார்ந்து பாருங்கள். பிடித்தால் சேருங்கள். விவரம் வேண்டுவோர் மதிய இடைவேளையில் என்னை வகுப்பில் வந்து கேட்கலாம்.

பாட்டி இப்போதெல்லாம் 'வேலி' என்று சொல்வது இல்லை. நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு எத்தனை பட்டுது?" என்றுதான் கேட்கிறாங்க. உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

உங்களுக்குத் தெரியுமா?

★ 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் முதல் இன்று வரை எல்லா ஒலிம்பிக்கிலும் வாள்வீச்சு இருக்கிறது.

★ ஒலிம்பிக்கில் விளக்கு மெஷின் எப்பேக்கு 1936-இலும், ஃபாயிலுக்கு 1956-இலும், சேபருக்கு 1992-இலும் வந்தது.

★ பெண்களுக்கான சேபர் ஒலிம்பிக்கில் முதல்முதலில் சேர்ந்தது 2004-இல்தான். வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்னப் பெண் இந்த விளையாட்டில் சேர்ந்ததும் அதே வருஷம்!