பழைய சொகுசுக் காரின் பின்புறம் தாழ்வது ஏன்?

மெர்சிடீஸ்-பென்ஸ் நிறுவனம் 1979இல் அறிமுகப்படுத்தி 1991 வரை ஜெர்மனியில் தயாரித்த எஸ்-கிளாஸ் கார்கள், டபிள்யூ 126 என்னும் உள்குறியீட்டால் அறியப்படுகின்றன. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செடான்கள் இவ்வரிசையில் வெளிவந்தன. அவற்றில் ஒரு பகுதி முப்பது ஆண்டுகளைக் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் நன்றாக இயங்கும் நிலையிலும், இத்தகைய கார்களின் முதுமை பெரும்பாலும் பின்புறத்தில் முதலில் வெளிப்படுகிறது: வண்டியின் வால் தாழ்கிறது, வேகத்தடையைக் கடந்த பிறகும் உடற்கூடு ஆடிக்கொண்டே போகிறது, பின் டயர்களின் உள்விளிம்பு விரைந்து தேய்கிறது. இவை அனைத்தையும் ‘சஸ்பென்ஷன் போய்விட்டது’ என்ற ஒரே சொல்லில் அடக்குவது வழக்கமென்றாலும், ஒன்றோடொன்று இணைந்து உழைக்கும் இரண்டு உறுப்புகள் வெவ்வேறு விதிகளின்படி மூப்படைவதன் விளைவுகளே இவை என்பதை அறிந்த பின்னரே பழுதுபார்ப்பு சரியான திசையில் செல்லும்.

அவ்விரண்டில் ஒன்று, வண்டியின் எடையைத் தாங்கும் எஃகுச் சுருள்வில். மற்றொன்று, பட்டறைகளில் ஷாக் அப்சார்பர் என வழங்கும் அதிர்வுத் தணிப்பி. இந்தக் காரில் ஒவ்வொரு பின்சக்கரமும் சாய்வான அச்சில் ஊசலாடும் ஒரு கரத்தின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கிறது. அக்கரத்தின் மீது வில் தனியாகவும் தணிப்பி தனியாகவும் அமர்ந்திருக்கின்றன. பள்ளத்திலோ மேட்டிலோ சக்கரம் அசையும்போது வில் அமுங்கி ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகிறது. தணிப்பியோ எண்ணெயைச் சிறுதுளைகளின் வழியே பிதுக்கி, அந்த ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் கலக்கிறது. வில் மட்டும் இருந்தால் ஒவ்வொரு மேடும் நீண்ட ஊஞ்சலாட்டமாக மாறும்.

வில்லின் நீட்சி விசைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பதை ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டார். இவ்விதியிலிருந்து பெறப்படும் எளிய முடிவு ஒன்று சொகுசு கார்களின் இயல்பையே தீர்மானிக்கிறது: சக்கரத்தின் இடத்தில் கணக்கிட்டால், வண்டியின் எடையால் சஸ்பென்ஷன் 25 சென்டிமீட்டர் அமுங்கும்படி வில் அமைந்திருக்குமானால், உடற்கூடு நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை என்ற இயல்பான அதிர்வெண்ணில் ஆடும். சொகுசு கார்கள் பொதுவாக ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடைப்பட்ட அதிர்வெண்ணை நாடுகின்றன. அவற்றின் வில்கள் மென்மையாகவும் நீளமாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. உடற்கூட்டின் இந்த மெல்லிய அசைவோடு, நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துள்ளக்கூடிய சக்கரத்தின் அதிர்வையும் தணிப்பி அடக்கியாக வேண்டும்.

பின்வில்லின் விறைப்பு முன்வில்லோடு பொருந்த வேண்டும் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவின் கெடிலாக் நிறுவனத்தில் சேர்ந்த மாரிஸ் ஓலி என்னும் பொறியாளர், 1930களின் தொடக்கத்தில், எடைகளை இடம்மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனை வண்டியைக் கொண்டு இதை ஆராய்ந்தார். மேட்டின் மீது முன்சக்கரம் முதலிலும் பின்சக்கரம் ஒரு கணம் கழித்தும் ஏறுவதால், பின்பகுதியின் அதிர்வெண் முன்பகுதியைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால், தாமதமாகத் தொடங்கிய பின்பகுதி முன்பகுதியை எட்டிப்பிடித்து, வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டுவது விரைவில் அடங்குகிறது. பின்புறத்தில் மட்டும் கண்டபடி கடினமான வில்லைப் பொருத்தினால் கணக்கிட்டு அமைத்த இந்த இணக்கம் குலைகிறது.

வில் மூப்படையும் விதம் பலரும் நினைப்பதற்கு மாறானது. சுருள்வில்லின் விறைப்பு, எஃகின் முறுக்கத்தை எதிர்க்கும் தன்மை, கம்பியின் விட்டம், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சார்ந்தது. வயதாவதால் மட்டும் இவற்றில் எதுவும் குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. மாறுவது வில்லின் சுதந்திர நீளம், அதாவது சுமையின்றி நிற்கும்போது அதற்கு இருக்கும் உயரம். இடைவிடாத சுமையின் கீழ் எஃகு மிக மெதுவாக நிலையான உருமாற்றம் அடைவதால் வில் குட்டையாகிறது. விறைப்பு குறையாவிட்டாலும் வண்டி தாழ்ந்து நிற்பதால், அசைவின் எல்லையில் வைக்கப்பட்டிருக்கும் ரப்பர் தடுப்பைக் கரம் சீக்கிரமே மோதுகிறது. பயணம் கரடுமுரடாவது இதனால்தான். உடற்கூடு தாழும்போது சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறுவதே டயரின் உள்விளிம்புத் தேய்மானத்துக்குக் காரணம்.

துருவின் கதை வேறு. விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், துருவால் கம்பி நூற்றுக்கு நான்கு பங்கு மெலிந்தாலே விறைப்பு ஏறக்குறைய பதினைந்து விழுக்காடு குறையும். அதைவிட ஆபத்தானவை துருப்பிடித்த சிறு குழிகள். அவற்றில் தகைவு குவிந்து விரிசல் தொடங்கி, ஒவ்வொரு அசைவிலும் வளர்ந்து, இறுதியில் கம்பி முறிகிறது. நீரும் சேறும் தேங்கும் கீழ்ச்சுற்றிலேயே இந்த முறிவு அடிக்கடி நேர்கிறது.

தணிப்பி தேய்வது வேறு வழியில். எண்ணெய் முத்திரைகள் கசிகின்றன, அடைப்பிதழ்கள் தளர்கின்றன, எண்ணெய் நுரைத்து எதிர்ப்பை இழக்கிறது. நுரைப்பதைத் தடுக்க, மிதக்கும் ஒரு பிஸ்டனால் எண்ணெயிலிருந்து பிரிக்கப்பட்ட உயரழுத்த வாயுவை ஒரே குழாய்க்குள் அடைக்கும் முறை உருவானது. பில்ஸ்டைன் நிறுவனம் 1957இல் மெர்சிடீஸ் கார்களுக்காக இதைத் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. தணிப்பியின் சரிவு படிப்படியாக நிகழ்வதால் ஓட்டுநர் தம்மையறியாமலே அதற்குப் பழகிவிடுகிறார். வண்டியின் மூலையைக் கையால் அழுத்திப் பார்க்கும் சோதனை உடற்கூட்டின் மெதுவான அசைவை மட்டுமே காட்டும். சக்கரத்தின் துள்ளலை அறிய, டயரை அதிரும் தட்டின் மேல் நிறுத்தி, தரைத்தொடர்பு எவ்வளவு குறைகிறது என்று அளக்கும் கருவி தேவை.

மாற்றும் பணியில் முதல் கேள்வி எந்த வில் என்பது. மெர்சிடீஸ் தொழிற்சாலையில் ஒவ்வொரு காருக்கும் அதிலுள்ள கூடுதல் வசதிகளின் எடையைப் புள்ளிகளாகக் கூட்டி, அதற்கேற்ற வில்லும் அதன் மேல் வைக்கும் ரப்பர் தட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டன. தட்டின் தடிப்பை அதன் விளிம்பிலுள்ள புடைப்புகளின் எண்ணிக்கை காட்டும். ஆகவே புதிய வில்லை வாங்குமுன் பழைய தட்டின் புடைப்புகளை எண்ணிக் குறித்துக்கொள்வதும், வண்டி நிற்கும் உயரத்தை அளந்து வைப்பதும் அவசியம். வில்லும் தணிப்பியும் இடம் வலமாக இணையாகவே மாற்றப்பட வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. இந்த அமைப்பில் கரம் கீழிறங்குவதன் எல்லையைத் தணிப்பியே நிர்ணயிக்கிறது. சக்கரங்கள் தொங்கும் நிலையில் கரத்தை ஜாக்கியால் தாங்காமல் தணிப்பியின் போல்ட்டைக் கழற்றினால், கரம் வில்லின் விசையோடு கீழே பாயும். வில் சக்கரத்தைவிட அச்சுக்கு அருகில் இருப்பதால், நெம்புகோல் விதிப்படி அது சக்கரச் சுமையினும் கூடுதலான விசையைத் தாங்கி நிற்கிறது. 5000 நியூட்டன் விசையில் 20 சென்டிமீட்டர் அமுங்கிய வில்லில் தேங்கியிருக்கும் 500 ஜூல் ஆற்றல், 50 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஏறக்குறையச் சமம். வில்லை அமுக்கிப் பிடிக்கும் உரிய கருவியின்றி இதில் கைவைக்கலாகாது. கரத்தைப் பிணைக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும் உயரத்திலேயே இறுதியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து விரைவில் கிழியும்.

இவ்வரிசையின் சில கார்களில் பின்புற உயரத்தைத் தானே சமன்செய்யும் எண்ணெயழுத்த அமைப்பு உள்ளது. அங்கே எடையின் ஒரு பகுதியை எண்ணெய்த்தூண்கள் தாங்குவதால் வில்கள் மென்மையானவை; நைட்ரஜன் அடைத்த கலன்கள் வாயுவை இழந்தால் பின்புறம் கட்டைபோல் விறைக்கும். அத்தகைய காரில் சாதாரணத் தணிப்பியை மட்டும் பொருத்தினால் வால் முற்றிலும் தாழ்ந்துவிடும்.

தாழ்ந்து நிற்பது வில்லின் குறை, ஆடி அடங்காதது தணிப்பியின் குறை. உயரத்தை அளந்து, கசிவைப் பார்த்து, துருவைச் சோதித்த பிறகே எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். கடினமான வில்லைப் பழைய தணிப்பியோடு இணைப்பது ஆட்டத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. பழைய சொகுசுக் காருக்கு வேண்டியது புதிய விறைப்பு அன்று. அதன் வடிவமைப்பாளர்கள் கணக்கிட்டுத் தந்த உயரத்தையும் தணிப்பையும் மீட்டுத் தருவதே சரியான பழுதுபார்ப்பு.