எல்லை கடக்கும் இணையம்

பிறநாடு செல்பவர் கடவுச்சீட்டை மறவார். கைத்தொலைபேசியின் கட்டணத்தையோ மறந்துவிடுவார். அம்மறதியின் விலை சில வேளைகளில் விமானச் சீட்டின் விலையையும் எட்டிவிடும்.

காரணம் யாது? எமது சிம் அட்டை அயல்நாட்டுக் கோபுரத்தோடு தொடர்பு கொள்ளும்போது, அந்நாட்டு நிறுவனத்தின் விருந்தாளி ஆகின்றது. விருந்தோம்பிய நிறுவனம் தன் கூலியை எமது நிறுவனத்திடம் பெறும். எமது நிறுவனம் அதனைத் தன் இலாபத்தோடு சேர்த்து எம்மிடம் பெறும். நாம் உறங்கும்போதும் தொலைபேசியிலுள்ள செயலிகள் தரவை உண்டுகொண்டேயிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் இச்சுமையை 2017 யூன் 15இல் நீக்கிற்று. அன்று முதல், பிரான்சில் பெற்ற, ரோமிங் வசதியுள்ள சிம் அட்டையைக் கொண்டு ஜேர்மனியிலும் இத்தாலியிலும், உள்நாட்டுக் கட்டணத்திலேயே, நியாயமான அளவுக்கு இணையத்தைப் பயன்படுத்தலாம். எனினும் கொழும்பில் வாங்கிய அட்டைக்கு இச்சலுகை இல்லை. சுவிற்சர்லாந்தும் இச்சட்டத்துக்குப் புறம்பானது. பிரான்சும் ஜேர்மனியும் வந்து தொடும் பாசல் நகரின் எல்லையருகே நிற்பவரது தொலைபேசி, அவர் அறியாமலே சுவிஸ் கோபுரத்தைப் பற்றிக்கொள்ளக் கூடும்.

ஆதலின், விமானம் ஏறுமுன் தரவு ரோமிங்கை நிறுத்திவிடுங்கள். சென்றிறங்கியபின் அந்நாட்டுச் சிம் அட்டையையோ, தொலைபேசி ஏற்குமாயின் இ-சிம்மையோ பெறுங்கள். பழைய அட்டையை எறிந்துவிடாதீர்கள். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அதற்கே வரும்.

வீட்டார் காத்திருப்பது, சுகமே வந்து சேர்ந்தோம் என்னும் ஒரு சொல்லுக்கே. அச்சொல் கடனாக மாறாதிருக்கட்டும்!