சுவருக்கும் காது உண்டு!

"பாட்டுப் போடு" என்றால் பாடுகிற பெட்டி ஒன்றை மகன் வாங்கி வந்து சமையலறையில் வைத்தான். ஒரு நாள் என் தங்கை, தன் மகளுக்குக் கர்ப்பம் கலைந்ததைச் சொல்லி அழுதாள். "அக்கா, யார்கிட்டேயும் சொல்லிடாதே!" யாரும் கூப்பிடாமலே பெட்டியில் விளக்கு எரிந்தது. அப்புறம் மகனின் செல்போனில் பார்த்தால், அவள் பேச்சு பதிவாகியிருக்கிறது! எனக்குப் பகீரென்றது.

கூப்பிடும் பெயரைப் போல ஏதாவது காதில் விழுந்தாலே அது விழித்துக்கொண்டு, பேச்சைக் கம்பெனிக்கு அனுப்பிவிடுமாம். அமேசான், கூகுள், ஆப்பிள் கருவிகளில் பதிவான பேச்சுகளில் சிலவற்றை ஆட்களே கேட்டது 2019-ல் வெளியானது.

உடனே அந்தப் பதிவை அழிக்கச் சொன்னேன். பெட்டி ஹாலுக்குப் போயிற்று. யாராவது வந்தால் மைக்கை நிறுத்தும் பட்டனை அமுக்கிவிடுகிறேன். நம்பிச் சொன்ன பேச்சை நாம்தானே காப்பாற்ற வேண்டும், சகோதரிகளே?